ஹெரால்டு வண்டியின் முதலாளி

அத்தியாயம் 9

"போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டிட்டோமுங்க சார். இன்னும் அரை மணி நேரத்துல உங்க பங்களாவுக்கு வந்துருவோம். அப்பா இருக்காங்களுங்களா?"

ஷிஜுவின் ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்பியிருந்தது. மறு கன்னம் மழித்தாகிவிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்து, கூப்பிட்டது யார் என்று இன்னொரு தடவை பார்த்தான். கௌசிக். மீனாட்சிபுரத்துக்காரன். எவன் முகத்தில் இனி ஆயுசுக்கும் விழிக்கக் கூடாது என்று இந்த வாரம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தானோ, அவனேதான்.

"இருக்காங்க" என்றது ஷிஜுவின் வாய். "வாங்க, வாங்க" என்றும் சொன்னது. சின்னக்கானல் ரிசார்ட்டில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் பல வருஷம் நின்ற வாய் அது. யார் வந்தாலும் வரவேற்றே பழகிவிட்டது.

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வந்த வினை. குருவிளா முதலாளி இறந்ததிலிருந்து பங்களா பூட்டிக் கிடந்தது. ஏலக்காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவருடைய ஒரே மகள் நிமி கொச்சியோடு இருந்துவிட்டாள். பங்களாச் சாவியும், ஷெட்டில் நிற்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரும் ஷிஜுவின் அப்பா ஏசுரத்தினத்தின் பொறுப்பு. அந்தக் காரை நாற்பது வருஷம் ஓட்டிய டிரைவர் அவர். பங்களாவுக்குக் கீழே ஷிஜுவும் அவன் மனைவி லிஜியும் அவரும் குடியிருக்கும் இரண்டு அறை வீடுகூட, "நீ இருக்கற வரைக்கும் இருந்துக்கோ ஏசு" என்று முதலாளி வாயால் சொல்லிக் கொடுத்ததுதான்.

வண்டி நின்றே கிடந்தால் கெட்டுவிடும் என்று வாரம் ஒரு தடவை அவர் அதைப் பூப்பாறை வரைக்கும் ஓட்டிவிட்டு வருவார். அன்று அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஷிஜு எடுத்துக்கொண்டு போனான்.

தொண்டிமலை வளைவில் எதிரே வந்த பைக், திடீரென்று திரும்பிக்கொண்டு பின்னாலேயே வந்தது. கையைக் காட்டி நிறுத்தினான் ஒரு பையன். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், தொலைந்துபோன சொந்தக்காரனைக் கண்டுபிடித்தவன் போலிருந்தது.

"ஹெரால்டுங்களா சார்! நாலு கதவு ஹெரால்டு! இது நம்ம நாட்டுல மட்டுந்தானுங்க வந்துது. ரோட்டுல ஓடி இப்பத்தான் சார் பாக்கறேன்."

கௌசிக்கிற்கு இதுதான் வேலை, இதுதான் பைத்தியம். வீட்டில் பால் மாடுகள். கறந்து ஊற்றிவிட்டு பைக்கை எடுத்தால், அன்றாட ரோட்டில் எங்கே பழைய வண்டி ஓடுகிறது என்று தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்து, 'ஓடுற வண்டி' என்ற தன் பக்கத்தில் போடுவான்.

"ஷோவுல நிக்கற வண்டிய நான் எடுக்க மாட்டேனுங்க. அது மேக்கப் போட்டு ஒக்கார வச்சது. எங்கூர்ல ஒரு மோரிஸ் மைனர் இன்னைக்கும் பால்கேன் ஏத்திட்டுப் போகுமுங்க. கொல்லங்கோட்டுல ஒரு ஃபியட்டு, மேல வாழைத்தார் கட்டிட்டு சந்தைக்கு வரும். அதுதானுங்க வண்டி." பேசிக்கொண்டே போனைத் தூக்கிப் பிடித்தான். "இது யாரோட வண்டிங்க சார்?"

அந்த 'சார்'தான் ஷிஜுவைக் கவிழ்த்தது. நாள் முழுக்க அடுத்தவர்களைச் 'சார், சார்' என்று கூப்பிட்டுக் காய்ந்துபோனவன் அவன்.

"எங்கப்பாவோடது" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தாத்தா மெட்ராஸில் வாங்கினார் என்றான். ஏலக்காடு அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது என்றான். வண்டி வந்த அன்று ஊரே கூடி வந்து பார்த்தது என்றான். டிரைவர் வைத்திருந்தீர்களா என்று கௌசிக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் இப்போது லட்சக்கணக்கான போன்களில் ஓடிக்கொண்டிருந்தது.

"இருந்தாரு. பாவம், நல்ல மனுஷன். எங்கள ஸ்கூல்ல விட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் வண்டிக்குள்ளேயே இருப்பாரு. கூட ஒக்காந்து சாப்பிடச் சொன்னாலும் சாப்பிட மாட்டாரு. அவருக்கு வண்டிதான் எல்லாம்."

ஸ்கூலுக்கு அந்த வண்டியில் போனது நிமி. அதே பள்ளிக்கூடத்துக்கு அதே ரோட்டில் நடந்து போனவன் ஷிஜு. அப்பா ஓட்டும் வண்டி அவனைத் தாண்டிப் போகும். நிற்காது. நிறுத்தும் உரிமை அப்பாவுக்கு இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

முதலாளியின் தோட்டம், தோரணை எல்லாவற்றையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, அப்பாவை மட்டும் பெயரில்லாத ஒரு 'பாவம்' ஆக்கிவிட்டான்.

ஊரில் யாருக்குத் தெரியாது ஏசுரத்தினத்தை? புதன்கிழமை அவன் பஸ்ஸுக்கு நின்றபோது போடியிலிருந்து ஏலக்காட்டு வேலைக்கு வரும் ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. உள்ளே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி தலையை நீட்டினாள்.

"ஏந் தம்பி, ஒங்க அப்பாருகிட்ட டிரைவரா இருந்தாகளே ஒரு பாவப்பட்ட மனுசன், அது யாரு? இத்தன வருசமா வாரோம், எங்க கண்ணுல பட்டதே இல்லியே!"

ஜீப் மொத்தமும் சிரித்தது. ஷிஜு அன்று பஸ்ஸில் ஏறவில்லை. வேலைக்கும் போகவில்லை.

இப்போது கௌசிக் நேரிலேயே வந்துகொண்டிருக்கிறான்.

* * *

"உண்மையச் சொல்லிருங்க" என்றாள் லிஜி. அங்கன்வாடிக்கு லீவு நாள். தோசைக் கல்லை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். "வந்தவுடனே வாசல்ல வச்சே சொல்லிருங்க. ஒரு நிமிசம் மானம் போகும். அதோட முடிஞ்சிரும்."

"ஒனக்குச் சொல்ல ஈசி."

"எனக்கு என்ன ஈசி? அங்கன்வாடிக்குப் புள்ளைய விட வர்ற பொம்பளைங்க எல்லாம் என்னைய எஸ்டேட் மருமகளேன்னு கூப்பிடுதாக."

"மெல்லப் பேசு. அப்பா காதுல விழப்போகுது."

"யாரு வாராக?" என்று பின்வாசலிலிருந்து குரல் வந்தது.

ஏசுரத்தினம் அங்கே முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அப்பா, அது வந்து..."

"அந்த வீடியோப் பையனா?"

அப்பாவிடம் சாதாரண போன்தான் உண்டு. அவருக்குத் தெரிந்திருக்காது என்ற ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் அதே வீட்டில் சாப்பிட்டு, அதே வீட்டில் தூங்கியிருந்தான்.

"பாத்தீங்களாப்பா?"

"ஏலக்கா ஒணத்துற ஸ்டோர்ல சகாயம் காட்டுனான்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"இவுக உண்மையச் சொல்லிருவாக மாமா" என்றாள் லிஜி. "நீங்க ஒண்ணும் கவலப்படாதீக."

ஏசுரத்தினம் மகனைப் பார்த்தார். பாதி நுரையோடு நிற்கும் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மொகத்த முழுசா வழிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்தபோது அவர் உடம்பில் வெள்ளைச் சட்டை இருந்தது. மகள் ஜிஸ்மியின் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. ஆணியில் மாட்டியிருந்த பங்களாச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"எங்க மாமா போறீக?"

"மேல. வந்தவுகள ரோட்டுலயா நிறுத்த முடியும்? தொறந்து வைக்கேன். நீ சாயா போட்டுக் கொண்டா."

ஷிஜுவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப் போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். வேண்டாம்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மேட்டில் ஏற முழங்கால் வலிக்காரருக்குக் கால்மணி நேரமாவது பிடிக்கும். நேரம் தாராளமாக இருந்தது.

அவன் மறு கன்னத்தை மழிக்கப் போனான்.

* * *

கௌசிக்கோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். மோனிஷா என்று பெயர் சொன்னாள். கௌசிக்கின் அத்தை மகள், பெரிய கேமரா அவள் கையில் இருந்தது. தேனிப் பக்கம் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஓடுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாளாக அலைந்தார்களாம். கிடைக்கவில்லை.

"வெறுங்கையோட எதுக்குப் போறதுன்னு இங்க வந்துட்டோமுங்க. எல்லாரும் உங்க அப்பாவக் காட்டுங்கன்னுதானுங்க கேக்கறாங்க" என்றான் கௌசிக்.

பங்களாவின் முன்கதவு திறந்திருந்தது. அதன் வழியாக ஏசுரத்தினம் நுழைந்து ஷிஜு பார்த்ததே இல்லை. துடைக்கவோ, ஜன்னலைத் திறந்து காற்று விடவோ போனாலும் சமையல்கட்டு வழியாகத்தான் போவார். இன்று வராந்தாவில் முதலாளியின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதும் சரியில்லை. யாரோ துண்டு போட்டு வைத்த பஸ் ஸீட்டில் ஒட்டிக்கொள்வது மாதிரி நுனியில் ஒண்டியிருந்தார்.

கௌசிக் படியேறியதும் எழுந்துவிட்டார்.

"ஒக்காருங்க ஐயா, ஒக்காருங்க! உங்க ஊட்டுல நீங்க எந்திரிக்கறதா?"

உட்கார்ந்தார். மோனிஷா கேமராவைச் சரிசெய்ய எழுந்து பக்கத்தில் வந்தாள். மறுபடி எழுந்தார்.

ஷிஜு தூணுக்குப் பக்கத்தில் நின்றான். இப்போது சொல்லிவிடலாம், இந்தக் கேள்வி முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனான்.

"வண்டிய எப்ப வாங்குனதுங்க ஐயா?"

ஏசுரத்தினம் தொண்டையைச் செருமினார். "எங்க அப்பா மெட்ராஸ்ல வாங்குனாக. ஏலக்காடு அந்தக் காலத்துலேர்ந்தே எங்களுக்கு இருக்கு. வண்டி வந்த அன்னிக்கு ஊரே கூடி வந்து பாத்துச்சு."

அது ஷிஜு சொன்ன வாக்கியம். தாத்தா அப்பாவானது தவிர ஒரு சொல் மாறாமல், அவன் சொன்ன வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை பார்த்தால் இது வராது. சகாயத்தை எத்தனை தடவை போட்டுக் காட்டச் சொல்லியிருப்பார்? ஏலக்காய் காயும் சூட்டில், அவன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகனின் பொய்யை உருப்போட்டிருக்கிறார். என்றைக்காவது யாராவது வந்து கேட்டால், மகன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று.

"அந்த டிரைவரப் பத்திச் சொல்லுங்க ஐயா" என்றான் கௌசிக். "சார் சொன்னதக் கேட்டு நெறைய பேரு அழுதுட்டாங்களுங்க. அவரு எப்பிடி?"

"அவனா..." ஏசுரத்தினம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நல்லாத்தான் ஓட்டுவான்."

"இப்ப எங்கிருக்காருங்க? பக்கத்துல இருந்தா அவரையும் பாத்துட்டுப் போலாமுங்க."

பங்களாவுக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"செத்துப் போயிட்டான்" என்றார் ஏசுரத்தினம்.

* * *

அப்போதும் ஷிஜு வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஷெட்டிலிருந்து ஹெரால்டை வெளியே எடுத்தது ஷிஜு. வெளிர் நீலம். ஹெட்லைட்டுகளுக்கு மேல் புருவம் மாதிரி ஒரு மடிப்பு. கே.எல்.கே. என்று தொடங்கும் பழைய கோட்டயம் நம்பர். கௌசிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்பக்கம் முழுவதையும் பெட்டி மூடி மாதிரி தூக்கிக் காட்டியபோது, சின்னக் குழந்தையைப் போலக் கைதட்டினான்.

"ஒரு ரவுண்டு போலாமுங்களா ஐயா? நீங்களே ஓட்டுங்க. மோனிஷா பின்னால ஒக்காந்து எடுக்கட்டும்."

மோனிஷா வண்டியை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். அவ்வளவுதான்.

ஏசுரத்தினத்தின் உடம்பு தானாக நகர்ந்தது. முழங்கால் வலியை மறந்து விறுவிறுவென்று சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார். கதவின் மேல் விளிம்பில் தலை இடித்துவிடாதபடி உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, பார்வையைத் தரையில் போட்டு நின்றார். அவள் உட்கார்ந்ததும், "புடவ மாட்டிக்காம பாத்துக்கங்கம்மா" என்றார். அவள் ஜீன்ஸ் போட்டிருந்தாள். இரண்டு கையாலும் சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

சாத்திய பிறகுதான் உறைத்தது. கதவின் கைப்பிடியில் வைத்த கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே நின்றார்.

கௌசிக் போனைக் கீழே இறக்கினான். பழைய வண்டியை எங்கே, எந்தக் கூட்டத்தில் கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்ளும் கண் அவனுக்கு. இதையா தெரிந்துகொள்ளாது?

ஷிஜுவைத்தான் பார்த்தான். அந்தப் பார்வைக்குத்தான் ஷிஜு உடைந்தான்.

"அந்த டிரைவர் சாகல" என்றான். "இவுகதான். இவுகதான் எங்கப்பா. வண்டி குருவிளா முதலாளியோடது. இந்தப் பங்களாவும் எங்களோடது இல்ல. எங்க வீடு கீழ இருக்கு. நான்... நான்தான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். எங்கப்பா டிரைவர்னு சொல்ல வெக்கப்பட்டுட்டேன்."

சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழ அழ நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

கௌசிக் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "அழுவாதீங்கண்ணா. அட, இதச் சொல்றதுக்கு எத்தன பெரிய மனசு வேணுமுங்க! நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்." அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "அண்ணா, தப்பா நெனைக்கலீன்னா இதையே கேமரா முன்னால சொல்றீங்களா? மொதல்ல போட்டது பொய்யின்னு நாமளே சொல்லிப்போடலாம். ஜனங்க உங்கள மன்னிச்சுருவாங்க. இன்னும் மதிப்பாங்க."

"அவருகிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமல்லோ?" என்றாள் மோனிஷா, வண்டியிலிருந்து தானே கதவைத் திறந்து இறங்கியபடி.

ஏசுரத்தினம் அங்கே இல்லை. பங்களாவுக்குள் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றான் ஷிஜு.

ஹெரால்டில் சாய்ந்து நின்றுகொண்டு கேமராவைப் பார்த்து மறுபடி எல்லாம் சொன்னான். முதல் தடவையைவிட நன்றாகவே சொன்னான். ரோட்டில் நடந்து போனதை, வண்டி நிற்காமல் தாண்டியதை எல்லாம் சேர்த்துச் சொன்னான். "எங்கப்பாவும் எனக்காக இப்ப பொய் சொன்னாரு, பாவம்" என்றும் சொன்னான். மோனிஷா முகத்தை மட்டும் அவனால் படிக்க முடியவில்லை.

அவர்கள் புறப்படும்போது லிஜி சாயா பிளாஸ்க்கோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். குடிக்க நேரமில்லை, மூணாறில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். பைக் சத்தம் வளைவில் மறைந்தது.

"சொல்லிட்டீகளா?" என்றாள் லிஜி.

"சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக ஷிஜு நிம்மதியாக மூச்சு விட்டான்.

* * *

ஏசுரத்தினம் முன்கதவைப் பூட்டிவிட்டு வராந்தாவில் பிரம்பு நாற்காலியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அப்பா, மன்னிச்சிருங்கப்பா."

"நல்லாப் பேசுன. உள்ள கேட்டுச்சு."

"அப்பா..."

"நீ பொய் சொன்ன. சரி, வாய் தவறிப் போச்சு. எம் புள்ள நாலு பேரு முன்னால தலகுனியக் கூடாதுன்னு அதை நான் எடுத்து எந் தலையில வச்சுக்கிட்டேன்." குரல் உயரவில்லை. கை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தது. "நாப்பது வருசத்துல இந்த வீட்டுல ஒரு பொய் சொன்னதில்ல. இன்னிக்கு இந்த நாற்காலியில ஒக்காந்து சொன்னேன். என்னைய நானே சாகடிச்சேன். நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

ஷிஜு படியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாதி வழியில என்னைய எறக்கி விட்டுட்டு நீ கரை ஏறிட்ட. உண்மையச் சொன்ன, அழுத, பெரிய மனசுக்காரனாயிட்ட. நான் என்ன ஆனேன்? அந்தப் பொம்பளப்புள்ள கண்ணுக்கு நான் யாரு? அடுத்தவன் வீட்டைத் தொறந்து, அடுத்தவன் நாற்காலியில ஒக்காந்து, எம் வண்டின்னு பீத்திக்கிட்ட கெழவன். அதுவும் ஊருக்கெல்லாம் போகப்போகுது. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

லிஜி பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். புருஷனைப் பார்த்தாள். "என்னங்க... மாமா பொய் சொன்னதையும் கேமராவுல சொல்லிட்டீகளா?"

சற்று முன் இறங்கிய மூட்டை இப்போது கல்லாகி ஏறி உட்கார்ந்தது. போன வாரத்து வெட்கம் ஒன்றுமே இல்லை, அது வெறும் மானப் பிரச்சினை. இது வேறு. அப்பாவை இரண்டு தடவை விற்றிருக்கிறான். ஒரு தடவை பெருமைக்கு. ஒரு தடவை மன்னிப்புக்கு.

கௌசிக்குக்குப் போன் போட்டான். மலையில் டவர் இல்லாத இடத்தில் இருந்தான் போல. தயவுசெய்து அதைப் போட வேண்டாம் என்று செய்தி அனுப்பினான். அது போய்ச் சேரவில்லை.

"அதைப் பெறகு பாரு" என்றார் ஏசுரத்தினம். "மொதல்ல நிமியம்மாக்குப் போடு."

"எதுக்குப்பா? அவுகளுக்குத் தெரியவா போகுது?"

"தெரியணும். அவுக அப்பா எடத்துல ஏறி ஒக்காந்திருக்கேன். அதை நாந்தான் சொல்லணும். அடுத்தவன் சொல்லி அவுக தெரிஞ்சுக்கக் கூடாது. இருக்கச் சொன்னா இருக்கேன். சாவியக் கேட்டா குடுத்துருதேன். வீட்டைக் கேட்டாலும் குடுத்துருதேன்."

லிஜி சட்டென்று நிமிர்ந்தாள். வீடு என்ற சொல் மூன்று பேருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது.

ஷிஜு எண்ணை அழுத்திக் கொடுத்தான். ஏசுரத்தினம் போனை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். போனில் பேசுவதற்கும் எழுந்து நிற்பார்.

"அம்மா, நான் ஏசு பேசுதேன்மா... நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீகளா?... ஒரு விசயம் சொல்லணும்மா, இன்னிக்கு நான் ஒரு தப்பு..."

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. அந்தப் பக்கம் நிமி ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஏசுரத்தினம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"பாத்தீகளா?... எப்பம்மா?... சரிம்மா... பக்கத்துலதான் நிக்கான்."

போனை மகனிடம் நீட்டினார். "ஒங்கிட்டத்தான் பேசணுமாம்."

ஷிஜு போனை வாங்கினான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தும் நிமியோடு அவன் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

"ஹலோ."

"ஷிஜு, அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காங்க."

"அவரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு. இது அவர் காதுல விழ வேண்டாம்."

திட்டுவதற்கான குரல் இல்லை அது. திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றவனுக்கு அதனாலேயே பயம் வந்தது.

அப்பாவைத் தள்ளிப் போகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு, இந்த நேரத்தில், இந்த வாயால்! ஷிஜு போனைக் காதில் வைத்தபடி அவரைப் பார்த்தான்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார் ஏசுரத்தினம். முதலாளிகள் தங்களுக்குள் பேச நினைக்கும் நேரம் எப்படியிருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, படியில் காலைப் பார்த்துப் பார்த்து இறங்கி, முற்றத்தைத் தாண்டி, பேச்சு காதில் விழாத தூரத்துக்குப் போனார். பங்களாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, ஏலக்காட்டைப் பார்த்து நின்றார்.

"போயிட்டாரா?" என்றாள் நிமி.

"போயிட்டாக" என்றான் ஷிஜு.